மண்ணளையும் கைகள்

ஒரு நாட்டின் கல்விநெறியை அறிய விரும்புவோர் அதன் சட்டங்களையும் அறிக்கைகளையும் புரட்டிப் பார்ப்பது வழக்கம். அதனினும் எளிய வழி ஒன்று உண்டு. முதலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்த்தாற் போதும். அவை மார்பின் குறுக்கே கட்டப்பட்டிருக்கின்றனவா? அன்றி, எதையேனும் பிடித்தும் பிசைந்தும் அடுக்கியும் கலைத்தும் கொண்டிருக்கின்றனவா? இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை, அப்பிள்ளையிடம் நாளைய சமுதாயம் எதனை எதிர்பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடும்.

கைகட்டி வாய்பொத்தி இருத்தலே கற்போனுக்கு அழகு என்று நாம் நெடுங்காலம் நம்பி வந்தோம். மட்டக்களப்பிலே போடியார் வீட்டு முற்றத்தில் வயற்காரன் நின்ற நிலையும் அதுவே. நிலவுடைமை எந்த உடல்நிலையை உழைப்பாளியிடம் கேட்டதோ அதனையே பள்ளிக்கூடம் அவனுடைய பிள்ளையிடமும் கேட்டது. ஆகவே குழந்தைகள் கற்கும் இடத்தை எவ்வாறு அமைப்பது என்ற வினாவைக் கட்டடக் கலைஞரின் வினா என்றோ, சுவருக்கு வண்ணம் பூசுவோரின் வினா என்றோ ஒதுக்கிவிட இயலாது. அது முற்றிலும் ஒரு சமூக வினா.

பழைய திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. அங்கே பிரம்பும் இருந்தது, சாதியும் இருந்தது. ஆயினும் ஒரு நன்மை இருந்தது: பிள்ளை மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிற்று. வீட்டு முற்றத்தில் அது விளையாடிய பொருளே பள்ளியில் அதன் ஏடாயிற்று. 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய அன்றூ பெல் என்ற பாதிரியார், நம்மவர் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்தி, மாணாக்கர் மாணாக்கருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அது பெயர் பெற்றது. ஏழைகளின் பிள்ளைகளுக்கு மலிவாகவும் ஒழுங்காகவும் எழுத்தறிவிக்கும் வழி என்று இங்கிலாந்து அதனைக் கொண்டாடிற்று. மணல் கப்பலேறிப் போயிற்று. வரிசையும் கட்டளையும் வாங்கும் கப்பலேறி நம்மிடம் வந்தன.

1814இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்து பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே இம்மண்ணிற் காலமானார். இன்றைய மத்திய கல்லூரி அத்தொடக்கத்தின் தொடர்ச்சி. பின்னர் 1929இல் விபுலானந்த அடிகளின் முயற்சியாற் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1945இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி ஏழை வீட்டு வாசலுக்கும் பாடசாலையைக் கொண்டுவந்தது. இவற்றுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். எனினும், கதவு திறந்ததே தவிர, கதவுக்கு உள்ளே இருந்த வாங்கு வரிசை மாறவில்லை.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றின் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியனாகப் பல ஆண்டுகள் இருந்தேன். அரைச் சுவர் வைத்த நீண்ட மண்டபம். இடையிடையே அலுமாரிகளை நிறுத்தி வகுப்புகளாகப் பிரித்திருந்தோம். என் வகுப்பின் பின்புறத்துத் தாழ்வாரத்தில் ஒரு மூலையை ஒழித்தெடுத்து, பிள்ளைகள் கொண்டுவந்தவற்றையெல்லாம் அங்கே சேர்த்தோம். சிரட்டை, புளியங்கொட்டை, குரும்பட்டி, கமுகம்பாளை, மட்டிச் சிப்பி, கிழிந்த வலைத்துண்டு, வெற்றுத் தகரப்பேணி, குளத்துக் களிமண், இரண்டு நீண்ட பலகைகள். காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றேனும் அங்கே இல்லை.

அம்மூலையிற் பிள்ளைகள் தாமாகவே தொடங்கிய விளையாட்டுகளுள் 'பாதை' விளையாட்டு நெடுநாள் நிலைத்தது. வாவியின் இரு கரைகளுக்கிடையே மனிதரையும் சைக்கிளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை இங்கு 'பாதை' என்போம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் அத்துறையில் பாதைக்காகக் காத்து நின்றவர்களே. பிள்ளைகள் இரு பலகைகளையும் அருகருகே இட்டு அதனைப் பாதை என்றனர். ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்பது அவர்கள் விதித்த சட்டம். சைக்கிள் கொண்டுவருபவன் இருவருக்குரிய இடத்தை எடுப்பான். ஆகவே இரண்டு புளியங்கொட்டை கொடுக்கவேண்டும். கைக்குழந்தைக்குக் கட்டணம் இல்லை. சில நாட்களின் பின் 'கொடுக்காமலே ஏறிவிட்டான்' என்ற வழக்கு எழுந்தது. வழக்கைத் தீர்க்க ரிக்கற் தேவைப்பட்டது. ரிக்கற்றில் இலக்கம் எழுதவேண்டியிருந்தது. பின்னர், எந்தக் கரைக்கு என்பதும் எழுதவேண்டியிருந்தது. எழுத்து அங்கே ஆசிரியரின் ஏவலாக வரவில்லை. பிள்ளைகளின் தேவையாக வந்தது.

இவ்வாறு நடந்துகொண்டிருக்கையில், ஒரு நாள் காலை ஒரு தாய் வாசலில் என்னை மறித்துக் கேட்டாள்: "சேர், வீட்டயும் இவன் மண்தான் அளையிறான். பள்ளிக்கூடத்திலயும் மண்தானெண்டா, என்னத்துக்கு வெள்ளச் சட்ட போட்டு அனுப்புற? எழுத்தப் படிப்பிச்சுத் தாங்க சேர்."

இக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடும் கல்விமான்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அவள் பிறர் வயலிற் களை பிடுங்கும் பெண். மண்ணிலிருந்து தன் பிள்ளையை மீட்கும் ஒரே கயிறு எழுத்து என்பது வாழ்க்கை அவளுக்குக் கற்பித்த பாடம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தும் உண்டு, விளையாட்டும் உண்டு. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏழைக்கு மட்டுமே விதிக்கப்பட்டுள்ளது. விளையாட்டின் பெருமையை அவளுக்குப் போதிப்பதால் அந்த நிர்ப்பந்தம் நீங்காது. எழுத்தும் அம்மூலையிலிருந்தே முளைக்கிறது என்பதை அவள் கண்ணாற் காணவேண்டும்.

"நாளைக்கு ஒரு மணித்தியாலம் வந்து இருங்க அம்மா" என்றேன். வந்து, தாழ்வாரத்தின் ஓரத்தில் அமர்ந்தாள். அன்று பாதைக்காரன் அவளுடைய மகனே. எட்டுப் பேர் கரையில் நிற்க, ஒருவனிடம் சைக்கிளும் இருக்க, எத்தனை முறை போய்வரவேண்டும் என்று அவன் விரல் மடித்துக் கணக்கிட்டதையும், தகரப்பேணியிற் கொட்டைகளை எண்ணிப் பார்த்ததையும், ரிக்கற் துண்டில் வளைந்து நெளிந்த எழுத்தில் ஊரின் பெயரை எழுதியதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஒரு கட்டுப் பன் கொண்டுவந்தாள். பன்பாய் இழைப்பதில் அவள் கைதேர்ந்தவள். ஒன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என்று அவள் இழைத்துக் காட்ட, பிள்ளைகள் சிறு தடுக்குகளை இழைத்தனர். கணிதப் புத்தகத்திலே 'கோலங்கள்' என்று அச்சிடப்பட்டிருந்த பாடம், பாடசாலைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த அந்தப் பெண்ணின் விரல்களில் ஏற்கனவே இருந்தது. அவளுடைய ஐயம் முழுவதும் நீங்கிற்று என்று சொல்லமாட்டேன். ஆண்டு முடியும் வரை, "எழுத்து எப்படி சேர்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்பது அவளுடைய உரிமை.

சோவியத் நாட்டு உளவியலறிஞர் வைகோத்ஸ்கி 1933இல் ஆற்றிய ஓர் உரையில் விளையாட்டைப் பற்றி இரண்டு உண்மைகளை எடுத்துக்காட்டினார். ஒரு கோலைக் குதிரை என்று கொள்ளும் பிள்ளை, பொருளிலிருந்து கருத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது என்பது ஒன்று. எழுத்தும் எண்ணும் அதே வித்தையன்றோ? கோல் குதிரையாக முடியுமாயின், வளைந்த கோடு 'அ' என்னும் ஒலியாகவும் முடியும். விதியில்லாத விளையாட்டு இல்லை என்பது மற்றொன்று. ஆசிரியரின் கட்டளைக்கு அடங்க மறுக்கும் பிள்ளை, தானே ஏற்றுக்கொண்ட விதிக்கு விரும்பி அடங்குகிறது. ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று சொன்ன பிள்ளையே, ஏழாவதாக வந்தபோது கரையில் நின்றது. பிரம்பால் வளர்க்க முடியாத ஒழுக்கம் அது.

இவ்வளவும் அமைதியான ஒரு கிராமத்துக் கதை போலத் தோன்றலாம். எங்கள் மாவட்டமோ அமைதியை நெடுங்காலம் அறிந்ததில்லை. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில், குழந்தைகள் உட்படத் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். விளையாடும் உரிமையை 31ஆம் உறுப்புரையில் எழுதிவைத்திருக்கும் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஜூன் 12இல், கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் மக்கள் படுகொலை செய்யப்பட்டிருந்தனர். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல் வாழ்ந்தோம் என்று தமிழரும் முஸ்லிம்களும் சொல்லிக்கொண்ட கரையில், ஓர் ஊரார் மற்றோர் ஊருக்குட் செல்ல அஞ்சிய காலம் அது. அக்காலத்திற் பள்ளிக்கு வந்த பிள்ளைகளிற் சிலர் பேசவே மாட்டார்கள். கேள்வி கேட்டாற் தலையைக் குனிவார்கள். கட்டிய கையை அவிழ்க்கச் சொன்னாலும் அவிழ்க்கமாட்டார்கள்.

அந்தச் சூழலில் 1996ஆம் ஆண்டு மட்டக்களப்பு நகரிலே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும், போல் ஹோகன் என்ற கனடிய ஓவியரும் அதன் முன்னோடிகள். ரொறன்ரோ நகரில் உடற்குறையுள்ள பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளும் ஒன்றாய்க் கூடி விளையாடும் தோட்டமொன்றிற் பணியாற்றியவர் ஹோகன். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் இப்பகுதியில் போராற் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நடத்திய ஆய்வும் இம்முயற்சிக்குத் துணையாயிற்று. ஆயினும், பூங்காவிற் பிள்ளைகளோடு இருந்தவர்கள் இம்மாவட்டத்து இளைஞரும் யுவதிகளுமே.

தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பேருந்து ஏற்றி வரும். கிழமைக்கு ஒரு நாளாகப் பல மாதங்கள் அவர்கள் வந்துபோவார்கள். மரங்கள், செடிகள், வளர்ப்பு விலங்குகள், களிமண், வண்ணம், கதை, பாட்டு, நாடகம் ஆகியவை அங்கே இருந்தன. தேர்வும் இல்லை, புள்ளியும் இல்லை. கண்ட கொடுமையைச் சொல் என்று பிள்ளையை வற்புறுத்துவதும் இல்லை. தன் துயரை நேரே சொல்ல இயலாத பிள்ளை, களிமண்ணிற் செய்த ஒரு மிருகத்தின் வாயால் அதனைச் சொல்லலாம்; சொல்லாமலும் விடலாம். இரு சமூகப் பிள்ளைகளுக்கும் ஒற்றுமையைப் பற்றிய சொற்பொழிவு தேவைப்படவில்லை. ஒரே களிமண்ணை இருவர் பிசையும்போது, இதற்கு வாலா, செட்டையா வைப்பது என்பதே அவர்களுக்கிடையே எழும் பிரச்சினை. அதனைப் பேசித் தீர்க்கக் கற்ற பிள்ளைகள், பெரியவர்கள் பேசித் தீர்க்கத் தவறியவற்றின் நடுவே வாழ்ந்தார்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

போரின் நடுவே குழந்தைகளுக்கு விளையாடும் இடம் தேடியவர்கள் நாம் மட்டும் அல்லர். டென்மார்க் நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த 1943இல், கோப்பன்ஹேகன் நகரின் எம்ட்றப் பகுதியில் தொழிலாளர் கூட்டுறவு வீடமைப்பு ஒன்றில் ஒரு புதுமையான திடல் திறக்கப்பட்டது. ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்து அழகுபடுத்திய திடல்களைவிட, கட்டடம் எழும்பும் இடங்களிற் கிடக்கும் பலகையும் கல்லும் பிள்ளைகளைக் கவர்வதைத் தோட்டக்கலை வல்லுநர் சோரன்சன் கண்டிருந்தார். ஆகவே அங்கே பழம்பலகை, செங்கல், ஆணி, சுத்தியல் ஆகியவற்றைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தனர். போர் முடிந்தபின் குண்டுவீச்சில் இடிந்த இலண்டன் தெருக்களிலும் இத்தகைய திடல்கள் எழுந்தன.

இத்தாலியில் 1945இல், பாசிசம் வீழ்ந்து சில நாட்களுள், ரெஜியோ எமிலியா நகருக்கு அண்மையில் வில்லா செல்லா என்ற சிற்றூர் மக்கள், தோற்றோடிய ஜெர்மானியப் படை விட்டுச் சென்ற ஒரு டாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அப்பணத்திலும் தம் உடலுழைப்பிலும் ஒரு குழந்தைப் பள்ளியைக் கட்டத் தொடங்கினர். செய்தி கேட்டுச் சைக்கிளேறி அங்கு சென்ற மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் தம் வாழ்நாளையே அப்பணிக்கு அளித்தார். 1963இல் அந்நகராட்சியே குழந்தைப் பள்ளிகளை நடத்த முன்வந்தது. மக்கள் கையிற் தொடங்கியது பொதுநிதியின் கடமையாக வளர்ந்தது. இந்த இரண்டாவது படியே நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

வண்ணத்துப்பூச்சிப் பூங்காவின் பெருமையிற் சந்தேகமில்லை. ஆயினும் அது ஒரு தொகுதியிற் சில பத்துப் பிள்ளைகளுக்கே இடமளிக்கக்கூடியது. வெளிநாட்டு நன்கொடையின் தயவை நாடியது. கிழமையில் ஒரு நாள் பூங்காவிற் கை அவிழ்த்த பிள்ளை, ஏனைய நாட்களில் மீண்டும் கைகட்டி வாங்கில் அமரவேண்டியிருந்தது. காயப்பட்ட பிள்ளைக்கு மருந்தாக அளிக்கப்பட்டதனை, எல்லாப் பிள்ளைகளுக்கும் அன்றாட உணவாக்குவது அரசாங்கப் பாடசாலையின் பொறுப்பு.

கொள்கை அளவில் இதனை யாரும் மறுக்கவில்லை. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு வகுப்புகளில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே முதலிடம் என்று கூறிற்று. நடைமுறையிலோ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முதலாம் வகுப்பு வரை நீண்டு கிடக்கிறது. இலவசக் கல்வியும் முதலாம் வகுப்பிலேதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய முன்பள்ளிகளிற் பெரும்பாலானவை தனியாரையும் மத நிறுவனங்களையும் ஊர்ச் சங்கங்களையும் நம்பி நிற்கின்றன. அங்கே சொற்பக் கொடுப்பனவுக்குப் பணிபுரியும் பெண்களே நம் குழந்தைகளின் முதல் ஆசிரியர்கள்.

2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவிப் பொருள்கள் மலைபோற் குவிந்தன. நான் அறிந்த கரையோரப் பாடசாலை ஒன்றுக்கு ஒரு நிறுவனம் பளபளக்கும் சறுக்குமரமும் இரும்பு ஊஞ்சலும் வழங்கிற்று. உடைந்துவிடும் என்ற அச்சத்தாற் சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டினார்கள். விருந்தினர் வரும் நாட்களிற் பூட்டுத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் உப்புக்காற்று ஊஞ்சலைத் தின்றுவிட்டது. பூட்டப்படாமல் இருந்திருப்பினும் அச்சறுக்குமரம் சறுக்குவதற்கு மட்டுமே உதவியிருக்கும். ஒரு பலகையோ பாதையாகும், கடையாகும், பாலமாகும், படுக்கையாகும். விலையுயர்ந்த பொருள் பிள்ளையைப் பார்வையாளனாக்குகிறது. விலையற்ற பொருள் அதனை ஆக்குவோனாக்குகிறது. வறிய பாடசாலைகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் 'செலவில்லையே, நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று அதிகாரிகள் கைகழுவுவதற்கு இது சாட்டாகிவிடக்கூடாது. சிரட்டைக்குச் செலவில்லை, நிழலுக்கும் கூரைக்கும், கை கழுவும் நீருக்கும், ஐம்பது பிள்ளைகளைப் பிரித்து இரண்டாவது ஆசிரியரை நியமிப்பதற்கும் செலவுண்டு.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஆசிரியராக வரவிருக்கும் மாணவர்களுக்கும் நான் முன்வைப்பவை எளியவை. வகுப்புக்கு அருகே நிழலுள்ள ஓர் இடம். மணல், நீர், களிமண். முடிவு செய்யப்படாத பொருள்கள். மணி அடித்துக் கலைக்காத ஒரு மணித்தியாலம். விளையாட்டின் உள்ளே புகுந்து ஆளாமல், அருகே இருந்து காணும் ஓர் ஆசிரியர். பிள்ளை எதை எண்ணிற்று, எதை எழுதிற்று, யாரோடு பிணங்கி எவ்வாறு இணங்கிற்று என்பதை அவர் குறித்துவைத்துத் தாய்தந்தையருக்குக் காட்டவேண்டும். வலை பின்னுபவர், பாய் இழைப்பவர், வசந்தன் ஆடுபவர் என ஊரின் கைத்திறம் யாவும் அங்கே வரவேண்டும். இவற்றிற் பலவற்றை ஒரு நாட் சிரமதானத்தில் அமைக்கலாம். ஏனையவற்றை நம் சங்கங்கள் கோரிக்கையாக எழுதிப் போராடிப் பெறவேண்டும்.

இன்னுமொன்று உண்டு. எழுவான்கரையிலே தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் இருக்கும் ஊர்கள் பல. இரண்டிலும் படிப்பிக்கும் மொழி தமிழே. எனினும் பிள்ளைகள் சந்திப்பதில்லை. இரு பாடசாலைகளுக்கும் பொதுவாக ஒரு மரநிழலைத் தேர்ந்து, கிழமைக்கு ஒரு காலை முதலாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்ல எந்தச் சுற்றறிக்கையும் தடைசெய்வதாக நான் அறியேன். இரண்டு அதிபர்கள் பேசி இணங்கினாற் போதும். இரண்டு பலகைகளையும் ஒரு பேணி புளியங்கொட்டையையும் கொண்டுசெல்லுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பிள்ளைகள் தீர்மானித்துக்கொள்வார்கள்.